இரு முனை இணைப்புக்கு எத்தனை முகவரி வேண்டும்?

(சங்கராபுரத்தில் நடந்த உழவர் பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் படித்தவன் கரும்பைப் பற்றியோ மரவள்ளியைப் பற்றியோ பேசாமல் கணினி வலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சென்ற பயிற்சியில் இங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பயிரைப் பற்றியவை பாதிதான். மற்றவை, "வீட்டிலிருந்து கிணற்றுக்கு நெட் கொண்டுபோனோம், ஒரு வாரம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது, ஏன்?" என்ற வகையைச் சேர்ந்தவை. அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்குப் படிப்பால் வந்ததன்று. சொந்த வீட்டில் பட்ட பாட்டால் வந்தது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தபின் ஆளுக்கொரு கிணறு. இரண்டும் ஊரிலிருந்து ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் தொலைவில், ஒரு பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே கைப்பேசியில் அலை கிடைக்காது. ஆகையால் சிம் போட்டு இயக்கும் ஸ்டார்ட்டர் அங்கே பயன்படவில்லை. வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரேடியோ பெட்டியும் எங்கள் மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் ஒரு ரேடியோ பெட்டியும் பொருத்தி, வீட்டு வை-ஃபை வழியாகவே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஏற்பாடு செய்தோம். அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்த சித்தப்பா, தம் கிணற்றுக்கும் அதே கடையில் அதே வகைப் பெட்டியையும் ஸ்டார்ட்டரையும் வாங்கி, எங்கள் மாடியிலிருந்தே இணைப்பு எடுத்துக்கொண்டார்.

அதன்பின் வீட்டில் நிம்மதி போயிற்று. அப்பா "ஆஃப்" அழுத்துவார். "மோட்டார் நின்றது" என்று திரையில் காட்டும். ஆனால் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டதாக நினைத்துப் படுத்தார். விடியற்காலை போய்ப் பார்த்தால் கிணறு வற்றி, மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் காயில் கருகிக் கிடந்தது. முன்பு இரண்டொரு நாள் காலையில் தாம் அழுத்தாமலே மோட்டார் ஓடியதையும் அப்பா பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்து, சித்தப்பாதான் வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். வரப்புத் தகராறு இல்லாமல் இருபது ஆண்டு ஓட்டிய அண்ணன் தம்பிகள் பதினேழு நாள் முகம் பார்க்கவில்லை. அம்மா தொலைபேசியில் அழுதபிறகுதான் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

குற்றம் சித்தப்பாமீது இல்லை. இரண்டு ஸ்டார்ட்டர்களுக்கும் கடையிலிருந்து வந்த முகவரி ஒன்றே: 192.168.1.50. இரண்டு கிணறுகளும் வீடும் ஒரே வலையில் இருந்தன. "ஐம்பது யார்?" என்று கைப்பேசி கேட்டால் இரண்டும் "நான்தான்" என்று குரல் கொடுத்தன. எந்தக் குரல் எடுபட்டதோ அந்தப் பெட்டிக்குக் கட்டளை போயிற்று. அன்றிரவு அப்பா நிறுத்தியது, ஏற்கெனவே நின்றிருந்த சித்தப்பாவின் மோட்டாரை. சித்தப்பா காலையில் ஓட்டியது எங்கள் மோட்டாரை. அவருக்கும் அது தெரியாது.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

அன்றைக்கு ஒரு ஸ்டார்ட்டரின் எண்ணை 51 என்று மாற்றியிருந்தால் அந்தத் தொல்லை தீர்ந்திருக்கும். தீர்ந்தும் போயிற்று. ஆனால் நாளை சித்தப்பா ஒரு கேமரா வாங்குவார், அதற்கும் ஏதோ ஓர் எண் இருக்கும். அடுத்த வீட்டுக்காரரும் இணைப்புக் கேட்பார். ஆகவே, நிலத்தைப் பிரித்ததுபோல வலையையும் பிரித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஐ.பி. முகவரி என்பது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான விதிப்படி அமைந்த முகவரி முறை இது. இன்றைக்கும் நம் கொட்டகைப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இதுவே. இந்த முகவரியில் இரண்டு செய்திகள் ஒட்டியிருக்கின்றன. எந்த வலை என்பது ஒன்று, அந்த வலையில் எந்தப் பெட்டி என்பது மற்றொன்று. உங்கள் பட்டாவில் சர்வே எண்ணும் உட்பிரிவும் சேர்ந்து வருவதைப் போல. பட்டாவில் 112/3 என்று நடுவே கோடு போட்டு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஐ.பி. முகவரியில் அந்தக் கோடு இல்லை. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று சொல்வதற்காகத்தான் கூடவே இன்னொரு நான்கெண் வரிசையை எழுதுகிறோம். அதுவே சப்நெட் மாஸ்க். 1985 ஆகஸ்டில் இது விதியாக வெளியிடப்பட்டது.

மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால் முதல் மூன்று எண்கள் சர்வே எண், கடைசி எண் உட்பிரிவு என்று பொருள். அந்த வலையில் 0 முதல் 255 வரை 256 முகவரிகள் உண்டு. ஆனால் முதலாவதான 0 அந்த வலையின் பெயர். கடைசியான 255, எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரக் கூப்பிடும் பொது அழைப்பு. ஊர் முழுவதற்கும் தண்டோரா போடுவது போன்றது அது. இவை இரண்டையும் எந்தப் பெட்டிக்கும் கொடுக்கக்கூடாது. மீதி 254 முகவரிகள் நம் பயனுக்கு.

இப்போது வீட்டு மாடிக்கும் கிணற்றுக் கம்பத்துக்கும் இடையே உள்ள இணைப்பை நினைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டே முனைகள். நடுவில் கிளை மடை கிடையாது. 254 முகவரி கொண்ட வலையை அதற்கு ஒதுக்குவது, ஒரு வாய்க்கால் போக ஒரு சர்வே எண்ணையே எழுதி வைப்பதாகும். இரு முனை இணைப்புக்கென்று வழக்கமாகக் கொடுக்கும் மாஸ்க் 255.255.255.252. இதையே /30 என்றும் எழுதுவார்கள். முகவரி முழுவதும் 32 ஆம்-இல்லைக் குறிகளால் ஆனது. அதில் முதல் 30 குறிகள் வலையைச் சேர்ந்தவை என்பது அதன் பொருள்.

கணக்கு எளிது. 256-இலிருந்து மாஸ்க்கின் கடைசி எண்ணைக் கழியுங்கள். 256-இல் 252 போனால் 4. ஆகவே நான்கு நான்காகப் பாத்தி கட்டுகிறோம். முதல் பாத்தி 0, 1, 2, 3. அடுத்தது 4, 5, 6, 7. அதற்கடுத்தது 8, 9, 10, 11. இப்படி 256-இல் 64 பாத்திகள் கிடைக்கும். ஒவ்வொரு பாத்தியிலும் முதல் எண் வலையின் பெயர், கடைசி எண் பொது அழைப்பு, நடுவில் உள்ள இரண்டும் இரண்டு முனைகளுக்கு. முதல் பாத்தியில் 1-உம் 2-உம். இரண்டாவதில் 5-உம் 6-உம்.

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். முதல் இணைப்புக்கு 1, 2 கொடுத்தோம், அடுத்ததற்கு 3, 4 கொடுப்போம் என்று வரிசையாக எழுதிவிடுகிறார்கள். 3 முதல் பாத்தியின் பொது அழைப்பு. 4 இரண்டாம் பாத்தியின் பெயர். இரண்டும் பெட்டிக்கு ஆகாதவை. அதோடு இரண்டும் வெவ்வேறு பாத்தியில் இருக்கின்றன. சில பெட்டிகள் இதை ஏற்க மறுத்துச் சிவப்பு எழுத்தில் காட்டும். சில பெட்டிகள் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு பிறகு வேலை செய்யாமல் இருக்கும்.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாட்டை அப்படியே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வலை 192.168.10.0. எங்கள் கிணற்றுக் கொட்டகை வலை 192.168.11.0. சித்தப்பாவின் கொட்டகை வலை 192.168.12.0. இம்மூன்றுக்கும் மாஸ்க் 255.255.255.0. வீட்டிலிருந்து எங்கள் கிணற்றுக்குப் போகும் இணைப்பில் மாடி முனை 10.20.1.1, கிணற்று முனை 10.20.1.2. சித்தப்பாவின் இணைப்பில் மாடி முனை 10.20.1.5, கிணற்று முனை 10.20.1.6. இவ்விரு இணைப்புகளுக்கும் மாஸ்க் 255.255.255.252. இனி இரண்டு ஸ்டார்ட்டர்களுக்கும் கடைசி எண் 50 என்றே இருந்தாலும் ஒன்று 192.168.11.50, மற்றது 192.168.12.50. மோதல் கிடையாது.

எண்களைக் கொடுத்தால் மட்டும் போதாது, வழியும் சொல்லவேண்டும். வீட்டு ரவுட்டரில், "11-ஆம் வலைக்கு 10.20.1.2 வழியாகப் போ, 12-ஆம் வலைக்கு 10.20.1.6 வழியாகப் போ" என்று இரண்டு வரிகள் எழுதினோம். எங்கள் கிணற்று முனையில், "மற்ற எல்லாவற்றுக்கும் 10.20.1.1 வழியாகப் போ" என்று எழுதினோம். சித்தப்பாவின் முனையில் 10.20.1.5. திரும்பும் வழியை எழுத மறப்பவர்கள் பலர். கட்டளை கிணறுவரை போகும், பதில் வீட்டுக்கு வராது. தண்ணீர் பாய்ச்சிவிட்டு வடிகால் வெட்டாமல் விட்ட கதைதான். கிணற்று முனைப் பெட்டியில் "நாட்" என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். அது கொட்டகைப் பெட்டிகளை வீட்டின் பார்வையிலிருந்து மறைத்துவிடும். இன்னொன்று: வீடுகளில் சாதாரணமாக உள்ள ரவுட்டரில் எல்லாத் துளைகளும் ஒரே வலையாகவே இருக்கும். துளைக்கொரு வலையாகப் பிரிக்கக்கூடிய ரவுட்டர் வேண்டும். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்கைத் தவறாகப் போட்டால் உடனே தெரிந்துவிடும் என்று எண்ணவேண்டாம். முதல் இணைப்பின் ஒரு முனையில் 255.255.255.252-க்குப் பதிலாக 255.255.255.0 என்று போட்டிருந்தாலும் 1-உம் 2-உம் ஒன்றையொன்று கண்டுகொள்ளும், வேலை நடக்கும். இரண்டாவது இணைப்பைச் சேர்க்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். முதல் இணைப்பின் மாடி முனை, 10.20.1 என்று தொடங்கும் 256 முகவரிகளுக்கும் தானே சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவது முனையிலும் அதே மாஸ்க்கைப் போட்டால் 10.20.1.6 எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரவுட்டர் தடுமாறும். இரண்டு வாய்க்காலுக்கும் ஒரே ஆயக்கட்டை எழுதிவைத்தால் மணிமுக்தா ஆற்றுத் தண்ணீரானாலும் சண்டைதான் வரும். ஆறு மாதம் நன்றாக ஓடியது, ஆகவே அமைப்பில் பிழை இல்லை என்று வாதிடும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முகவரியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதற்காகத்தானே இந்த /30 என்று கேட்கலாம். பிறந்த காரணம் அதுதான். உலகத்துக்கு இருப்பது ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். தொடக்கத்தில் பெரிய பெரிய துண்டுகளாக வாரி வழங்கினார்கள். 1993-இல் தேவைக்கேற்ற அளவில் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. இருந்தும் 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. இரண்டு முனைக்கு நான்கு முகவரி என்பதும் வீண்தானே என்று கருதி, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இரு முனை இணைப்புக்கு மட்டும் இரண்டே முகவரி கொண்ட பாத்தியையும் அனுமதித்தார்கள். அதன் மாஸ்க் 255.255.255.254. எதிரே ஒருவர்தான் இருக்கிறார் என்னும்போது தண்டோரா எதற்கு என்பதே அதன் நியாயம். ஆனால் மலிவான பெட்டிகளில் சில இதை ஏற்பதில்லை. நம் தோட்டத்துக்குள் புழங்கும் 10 என்று தொடங்கும் முகவரிகளும் 192.168 என்று தொடங்குபவையும் 1996 விதிப்படி யார் வேண்டுமானாலும் தம் இடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. காசு கிடையாது, பஞ்சமும் கிடையாது. அதனால் உங்களுக்கு நான் /30-ஐச் சொல்வது சிக்கனத்துக்காக அன்று, எல்லைக்கல் தெளிவாக இருப்பதற்காக.

ஒரே வீடு, ஒரே கிணறு, பங்காளி யாரும் இல்லை என்றால் இவ்வளவும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது இரண்டு ரேடியோ பெட்டிகளையும் பாலம் என்ற நிலையில் வையுங்கள். கிணறும் வீடும் ஒரே வலையாக, எல்லாவற்றுக்கும் 255.255.255.0 என்ற மாஸ்க்கோடு இருக்கட்டும். எந்த எண்ணும் இருமுறை வராமல் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். இணைப்பு இரண்டாகும்போது பிரியுங்கள்.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பைப் பற்றியும் ஒரு சந்தேகம் கேட்டார்கள். மோடத்தின் திரையில் மாஸ்க் 255.255.255.255 என்று காட்டுகிறது, இது பழுதா என்று. பழுதன்று. நிறுவனத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே உள்ளதும் பல இடங்களில் ஓர் இரு முனை இணைப்புதான். 1994-இல் வகுத்த பி.பி.பி. என்ற முறையும், அதை ஈதர்நெட்டின்மேல் ஓட்ட 1999-இல் வெளியான முறையும் அதில் பயன்படுகின்றன. மறுமுனையே உங்களுக்கு முகவரியைக் கொடுக்கிறது. 255 நான்கு முறை வந்தால், இந்தப் பாத்தியில் நான் ஒருவனே இருக்கிறேன் என்று பொருள். எதிர்முனையின் முகவரி உங்கள் முகவரிக்கு எந்த வகையிலும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். குழாயின் ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம்தான் வரும், வேறு போக்கிடம் இல்லையாகையால் மாஸ்க்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதே இல்லை. திருத்துகிறேன் என்று அதில் கை வைக்காதீர்கள். அதே திரையில் உங்கள் முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வெளியூரிலிருந்து நேராக உங்கள் கேமராவை எட்ட முடியாது என்பதை அறிந்து அதற்கேற்ற பெட்டியை வாங்குங்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வந்திருப்பவர்கள் இந்த ரேடியோ மலைக்கு ஏறுமா என்று கேட்கிறார்கள். 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசேர்ப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஆனால் ஊராட்சி அலுவலகம்வரை கம்பி வந்தாலும், மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களுக்கு அங்கிருந்து ஒரு தாவல் வேண்டும். அந்தத் தாவலுக்கு இரு முனை ரேடியோ ஏற்றது. தூரம் பெரிய தடையன்று. 2007-இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி என்பவர் வை-ஃபை கருவிகளைக் கொண்டே 382 கிலோமீட்டர் இணைத்துக் காட்டினார். முனைக்கு முனை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நடுவில் ஒரு முகடு இருந்தால் முகட்டின்மேல் மூன்றாவது கம்பம் நட்டு இரண்டு இணைப்பாகச் செய்யவேண்டும். அங்கே இரண்டு பாத்தி முகவரி. கீழ்நாட்டிலோ முகடு இல்லை, கரும்பு இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டி அனுப்பிய கையோடு வெறும் வயலுக்குமேல் பெட்டியைக் கட்டுவீர்கள். பத்தாம் மாதம் பயிர் ஆளுக்குமேல் வளர்ந்து நிற்கும்போது அலை தோகையில் மாட்டிக்கொள்ளும். முழு வளர்ச்சியை நினைத்துக் கம்பத்தின் உயரத்தை வையுங்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவினரோடு சேர்ந்து, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் மையங்களை நெடுந்தூர வை-ஃபை இணைப்புகளால் மருத்துவமனையோடு சேர்த்தது. நோயாளி தம் ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்தபடியே தேனியிலுள்ள மருத்துவரோடு பேசினார். அந்தக் குழுவினர் பின்னர் எழுதியதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மின்வெட்டைவிடக் கெட்ட மின்சாரமே, அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தமே, கருவிகளைப் பெரிதும் கெடுத்தது. மோட்டார் ஓடும் அதே லைனில் ரேடியோ பெட்டியை நேராக மாட்டுபவர்கள் இதை யோசிக்கவேண்டும். நான் எங்கள் கொட்டகையில் சிறிய சோலார் பலகையும் பேட்டரியும் வைத்துவிட்டேன். கம்பத்துக்கு எர்த் போட்டோம்.

பழுது வந்தால் எங்கே தேடுவது? வாய்க்காலில் உடைப்பைத் தேடுவதுபோலத் தலைமடையிலிருந்து நடந்து வாருங்கள். "பிங்" என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு முகவரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அது. வீட்டிலிருந்து முதலில் 10.20.1.1-ஐக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். பதில் வந்தால் 10.20.1.2. அங்கே பதில் இல்லையென்றால் கரும்பையும், கம்பத்தையும், மின்சாரத்தையும், கடைசியாக மாஸ்க்கையும் பாருங்கள். நேற்றுவரை நன்றாக ஓடிய இணைப்பில் யாரும் கை வைக்காமல் மாஸ்க் தானாக மாறாது. அதுவும் பதில் தந்தால் ஸ்டார்ட்டரின் முகவரி. கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். பெட்டியின் உள்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு தாளில் முனை, முகவரி, மாஸ்க், வழி இவற்றை எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளின் ஒரு படி சித்தப்பாவிடமும் இருக்கிறது. அவர் அதைப் பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

மோட்டார் மீண்டும் கருகாதிருக்க, தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் கருவியையும் மாட்டினோம். அதற்கு வலை தேவையில்லை, முகவரியும் தேவையில்லை. அதை முதலிலேயே மாட்டியிருக்க வேண்டும். இன்னும் ஒன்று. கைப்பேசியில் "நின்றது" என்று காட்டுவதை நம்பி யாரும் மோட்டாரிலோ ஒயரிலோ கை வைக்கக்கூடாது. மெயின் சுவிட்சை இறக்கி, ப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கிணற்றில் இறங்குங்கள். அன்றிரவு அப்பாவின் கைப்பேசியும் "நின்றது" என்றுதான் காட்டியது.

இந்தக் கட்டடத்தின் மாடியில் ஒரு பெட்டியும் எதிரே புளியமரத்தடிக் கம்பத்தில் ஒரு பெட்டியும் கட்டியிருக்கிறோம். இரண்டிலும் முகவரியை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்து வைத்திருக்கிறேன். மடிக்கணினி மேசைமேல் இருக்கிறது. மலையிலிருந்து வந்தவர்கள் பேருந்துக்குப் போகவேண்டியிருப்பதால் அவர்கள் முதலில் வரட்டும்.